கிளிநொச்சி வன்னியா? பொது அறிவுக் கேள்வி பதில்

பொது அறிவுப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவை இவை. நான் புவியியல் படிப்பித்தவன், அதனால் அந்தப் பக்கம் பதில் நீளும்.

மல்லாவி மாணவி: சேர், உலகிலேயே உயரமான மலை எவரெஸ்ட்தானே?

கடல் மட்டத்திலிருந்து அளந்தால் அதுதான் பிள்ளை. 8,848.86 மீற்றர், 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த அளவு. அடியிலிருந்து நுனி வரை அளந்தால் ஹவாயின் மௌனா கியா முந்திவிடும். அதன் பெரும்பகுதி கடலுக்குள் கிடக்கிறது. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்குவடோரின் சிம்போராசோ. பூமி நடுப்பகுதியில் பருத்திருப்பதுதான் காரணம். எங்கிருந்து அளந்தது என்று பார்க்காமல் விடை எழுதாதீர்கள்.

நெடுங்கேணி: இலங்கையின் தலைநகர் கொழும்பா?

ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டை. பாராளுமன்றம் 1982 முதல் அங்கேதான் இருக்கிறது.

பரந்தன், ஒரு தாய்: வன்னித் தேர்தல் மாவட்டத்தைச் சொல் என்றதற்கு மகன் கிளிநொச்சியை விட்டுவிட்டான். நாங்கள் வன்னி இல்லையா ஐயா?

மகன் எழுதியது சரி அம்மா, நீங்கள் கேட்பதும் சரி. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும்தான். கிளிநொச்சி 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஆனால் வாக்கு மட்டும் இன்றும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்த்தே எண்ணப்படுகிறது. அதற்காக நிலம் மாறிவிடுமா? இரணைமடுத் தண்ணீரில் காலபோகம் விதைக்கிற ஊரை வன்னி இல்லை என்று எப்படிச் சொல்வது?

வவுனியா: பட்டியலில் இல்லாததை வன்னி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா சேர்?

தம்பி, அந்தப் பட்டியல் வாக்கு எண்ணுவதற்காக வகுத்தது. பனங்காமம், முள்ளியவளை போன்ற வன்னிமைகள், அதாவது வன்னியத் தலைவர்கள் ஆண்ட சிறு ஆட்சிப் பகுதிகள், தேர்தல் வருவதற்கு நூற்றாண்டுகள் முன்பே இருந்தன. கேள்வியில் ‘தேர்தல் மாவட்டம்’ என்றிருந்தால் மூன்று. ‘வன்னிப் பெருநிலம்’, அதாவது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள நிலப்பரப்பு, என்றிருந்தால் கிளிநொச்சியும் சேரும்.

பளை: அப்படியென்றால் நாங்களும் வன்னியா?

நல்ல கேள்வி. பளை கிளிநொச்சி மாவட்டம், ஆனால் ஆனையிறவுக்கு வடக்கே குடாநாட்டில் இருக்கிறது. நிர்வாகத்தில் கிளிநொச்சி, நிலத்தில் குடாநாடு. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு நிலம் இருக்கும்போது, மாவட்ட எல்லையை வைத்து வன்னியை அளப்பது சரிவராது.

துணுக்காய்: அவுஸ்திரேலியத் தலைநகர் சிட்னியா?

கன்பரா.

மாங்குளம்: துருக்கிக்கு இஸ்தான்புல்தானே?

அங்காரா. பெரிய நகரமே தலைநகர் என்று நினைக்காதீர்கள், கொழும்பில் தொடங்கி மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன். இனித் தலைநகர்க் கேள்வி வேண்டாம், அட்லசைத் திறந்து பாருங்கள்.

ஒட்டுசுட்டான்: வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் 1803இல் இறந்தார் என்று எழுதலாமா?

கற்சிலைமடு நினைவுக் கல்லில் இருந்த செய்தி, 1803 ஒக்டோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் அவரைத் தோற்கடித்தார் என்பதுதான். தோல்வியை மரணமாக்கி எழுதாதீர்கள்.

முழங்காவில்: முரளிதரனின் 800ஆவது விக்கெட்?

2010 யூலை, காலி, இந்தியாவுக்கு எதிராக. தன் கடைசி டெஸ்டின் கடைசிப் பந்தில் எடுத்தார்.

விசுவமடு: உயர்தரத்துக்கு எந்தப் பாடம் எடுக்கலாம்?

உங்கள் வகுப்பாசிரியரைக் கேளுங்கள், உங்களைத் தெரிந்தவர் அவர்.

புதுக்குடியிருப்பு மாணவன்: நண்பகலில் எங்கள் ஊரில் நிழலே விழாத நாள் உண்டா சேர்?

உண்டு, வருடத்தில் இரண்டு தடவை. நாம் இருப்பது வடக்கு அகலக்கோடு 9 பாகைக்குச் சற்று மேலே. சூரியன் வடக்கே போகும்போது சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும், திரும்பும்போது ஓகஸ்ட் கடைசியிலும் நேர் உச்சிக்கு வரும். முற்றத்தில் ஒரு தடியை நேராக நட்டு வை. பன்னிரண்டு மணிக்கல்ல, 12.10ஐ ஒட்டிப் பார். நிழல் தடியின் அடிக்குள் போய்விடும்.