கேளுங்க டீச்சர்: சிகாகோ சர்க்கார் யுனிவர்சிட்டிக்கு பிள்ளைய அனுப்பலாமா?

போன இதழ்ல வெளிநாட்டு படிப்பு பத்தி சும்மா ரெண்டு வரி எழுதினேன், அவ்ளோதான், இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல அதே விஷயம். அதுலயும் சிகாகோ பேரு திரும்ப திரும்ப வருது. என் தங்கச்சி மக அந்த ஊர்லதான் இருக்கா, நானும் ஒரு தடவை போய் ரெண்டு மாசம் இருந்துட்டு வந்தேன், அதனால இந்த முறை முழுசும் இதுக்கே எடுத்துக்கிட்டேன். சமையல் கேள்வி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கருங்கல் ஊர்ல இருந்து ஒரு அம்மா: டீச்சர், மக பிஎஸ்சி நர்ஸிங் முடிச்சு நாகர்கோவில்ல ரெண்டு வருஷமா வேலை பாக்குறா. இப்போ சிகாகோல இல்லினாய்ஸ் யுனிவர்சிட்டில பப்ளிக் ஹெல்த் மாஸ்டர்ஸுக்கு சீட் கெடச்சிருக்கு. எங்க அண்ணன் சொல்றாரு, "அது கவர்மென்ட் யுனிவர்சிட்டி, யாரும் பேரு கேட்டதில்ல, ஹார்வர்டுன்னா கூட சரி, இதுக்கு போய் ரப்பர் தோட்டத்த அடகு வைக்கணுமா"ன்னு. என்ன செய்ய?

மொதல்ல அந்த லெட்டர எடுத்து பேர ஒழுங்கா வாசிங்க. யுனிவர்சிட்டி ஆஃப் சிகாகோன்னு ஒண்ணு இருக்கு, அது பிரைவேட். இல்லினாய்ஸ் யுனிவர்சிட்டி அர்பானா ஷாம்பெயின்னு இன்னொண்ணு, அது சிகாகோல இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி சோளக்காட்டு நடுவுல இருக்கு. நீங்க சொல்றது மூணாவது, இல்லினாய்ஸ் யுனிவர்சிட்டி சிகாகோ, எல்லாரும் யுஐசின்னு சொல்றது. மூணையும் ஒண்ணா நெனச்சு ஃபிளைட் டிக்கெட் வரைக்கும் போனவங்கள எனக்கு தெரியும்.

இனி உங்க அண்ணன் விஷயம். கவர்மென்ட்னா மட்டம்ங்கற நெனப்பு நம்ம ஊர்ல எப்படி வந்துச்சுன்னு எனக்கு புரியவே இல்ல, ஆசாரிபள்ளம் கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ்ல எம்பிபிஎஸ் சீட் கெடச்சா கேக் வெட்டுறோம், அமெரிக்கால கவர்மென்ட்னா மட்டும் மூஞ்ச சுளிக்கிறோம். இந்த யுஐசி யாருக்காக ஆரம்பிச்சதுன்னு கேட்டீங்கன்னா, இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு ஊருக்கு வந்த பட்டாளத்துக்காரங்களுக்கு. 1946ல, ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்குற நேவி பியர்னு ஒரு பாலத்து மேலேயே கிளாஸ் நடத்தினாங்க. 1965லதான் ஊருக்குள்ள இப்ப இருக்குற இடத்துக்கு வந்தாங்க. மெடிக்கல் பக்கம் அதவிட பழசு, பார்மசி காலேஜ் 1859, மெடிக்கல் காலேஜ் 1880கள் ஆரம்பத்துல. இந்த ரெண்டு பக்கத்தையும் 1982ல ஒண்ணா சேத்ததுதான் இன்னைக்கு உள்ள யுஐசி. 30,000க்கு மேல பிள்ளைங்க படிக்குதுங்க, நெறைய பேர் வீட்ல காலேஜ் வாசல மிதிக்கிற மொத தலைமுறை.

உங்க மகளுக்கு எது முக்கியம்னா, ஒரே யுனிவர்சிட்டிக்குள்ள மெடிசின், நர்ஸிங், பல், பார்மசி, பப்ளிக் ஹெல்த், சோஷியல் வொர்க் எல்லாம் இருக்கு, சொந்த ஆஸ்பத்திரியும் இருக்கு. சுத்தி ஒரு பெரிய ஆஸ்பத்திரி வட்டாரம், அதுல குக் கவுன்டி ஆஸ்பத்திரின்னு ஏழைங்களுக்கான பழைய பொது ஆஸ்பத்திரி, 1937ல அமெரிக்காவோட மொத ஆஸ்பத்திரி பிளட் பேங்க் அங்கதான் வந்துச்சு. நான் அந்த யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி லாபில ஒரு நாள் மத்தியானம் முழுக்க உக்காந்திருந்தேன், தங்கச்சி மகளுக்கு ஒரு டெஸ்ட். எதிர் சீட்ல ஒரு மெக்சிகோ பாட்டி, பேத்தி கைய புடிச்சிக்கிட்டு, அவங்களுக்கு இங்கிலீஷ் வராது, ஒரு பொண்ணு வந்து ஸ்பானிஷ்ல மாத்திர எப்ப போடணும்னு விரல மடக்கி மடக்கி சொல்லிக் குடுத்தா, பாட்டி திரும்ப சொன்னா, தப்பா சொன்னா, அந்த பொண்ணு மறுபடி மொதல்ல இருந்து. கழுத்துல ஸ்டூடன்ட் கார்டு தொங்குச்சு. எனக்கு அப்படியே நம்ம ஆசாரிபள்ளம் ஓபி ஞாபகம் வந்துச்சு, ஏசி ஒண்ணுதான் வித்தியாசம். பட்டணத்து சர்க்கார் யுனிவர்சிட்டியோட பலம் அந்த லாபில இருக்குங்கறது என் அபிப்பிராயம், ஊர்ல உள்ள எல்லா விதமான சீக்கும் எல்லா விதமான ஆளும் அந்த வாசல் வழியா வருது, படிக்கிற பிள்ள அத பாத்து பாத்து கத்துக்குது, ஆராய்ச்சிக்கு கேள்வியும் அங்கேருந்தே பொறக்குது.

ஒரு உதாரணம் சொல்றேன். கேரி ஸ்லட்கின்னு ஒரு டாக்டர், ஆப்பிரிக்கால காலரா, டிபின்னு தொத்து நோயோட மல்லுக்கட்டுனவர். ஊர் திரும்புனா சிகாகோல தெருவுக்கு தெரு துப்பாக்கி சூடு. மேப்ப வச்சு பாத்தா, காலரா பரவுற மாதிரியே ஒரு கொலை பக்கத்துல இன்னொரு கொலைய இழுத்துட்டு வருது. அப்போ இதையும் தொத்து நோயா நெனச்சு வைத்தியம் பாத்தா என்னன்னு யுஐசி பப்ளிக் ஹெல்த் ஸ்கூல்ல இருந்து 2000த்துல ஒரு திட்டம் ஆரம்பிச்சார். போலீஸ அனுப்பல, பழைய கேங்குல இருந்து திருந்தி வந்த ஆளுங்களையே வேலைக்கு எடுத்து, சண்டை மூளப்போற வீட்டுக்கு முன்கூட்டியே அனுப்பி பேச வச்சாங்க. நம்ம ஊர்ல கிராம சுகாதார நர்ஸ் வீடு வீடா போறாங்கல்ல, அந்த மாதிரி. பிறகு வேற நாட்டுக்காரங்களும் இத எடுத்து செஞ்சாங்க. பப்ளிக் ஹெல்த்ன்னா கொசு மருந்து அடிக்கிறதுன்னு உங்க அண்ணன் நெனச்சிருந்தா இத வாசிச்சு காட்டுங்க.

ஆனா தோட்டத்து விஷயத்துல நான் அண்ணன் பக்கம்தான் பாதி. சர்க்கார் யுனிவர்சிட்டில கொறஞ்ச ஃபீஸ் அந்த மாநிலத்து பிள்ளைங்களுக்கு, நம்ம பிள்ளைக்கு இல்ல. அசிஸ்டன்ட்ஷிப், அதாவது பாடம் நடத்தவோ ஆராய்ச்சிக்கோ உதவுற வேலை, யுனிவர்சிட்டிலேயே கெடச்சா ஃபீஸ்ல பெரும்பகுதி தள்ளுபடி ஆகும், கையிலயும் கொஞ்சம் காசு வரும், ஆனா அது பிஎச்டிக்கு வர்ற அளவு மாஸ்டர்ஸுக்கு வராது. மகள டிபார்ட்மென்டுக்கு நேரா மெயில் போட்டு கேக்க சொல்லுங்க, "கெடைக்கலாம்"ங்கற பதில் வந்தா கெடைக்காதுன்னு வச்சுக்கோங்க. ஸ்டூடன்ட் விசால படிப்பு நடக்கும்போது கேம்பஸ்ல வாரம் 20 மணி நேரம்தான் வேலை. இன்னொண்ணு, இந்த டிகிரி வச்சு அங்க நர்ஸா வேலை பாக்க முடியாது, அதுக்கு என்கிளெக்ஸ் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும், அது தனி ரூட். மகளுக்கு நர்ஸ் வேலதான் ஆசைன்னா இந்த படிப்பே வேண்டாம். நோய் ஏன் பரவுது, எப்படி கணக்கெடுக்கணும்னு ஆசைன்னா இத விட நல்ல இடம் கஷ்டம். அத அவகிட்டயே கேளுங்க, அண்ணன்கிட்ட கேக்காதீங்க.

தக்கலையில இருந்து ஒரு எம்எஸ்சி மாணவர்: ஆராய்ச்சின்னாலே அமெரிக்காதானா டீச்சர்? நம்ம சர்க்கார் காலேஜ்ல ஒண்ணுமே நடக்கலியா?

யாரு சொன்னா மக்களே? 1986ல இந்தியால எச்ஐவி இருக்குன்னு மொதல்ல கண்டுபிடிச்சது சென்னை மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். சுனிதி சாலமன்னு மைக்ரோபயாலஜி பேராசிரியர், அவங்க ஸ்டூடன்ட் செல்லப்பன் நிர்மலா. நம்ம நாட்டுக்கு அந்த நோய் வராதுன்னு எல்லாரும் நெனச்சிட்டிருந்த காலம். நிர்மலா அலைஞ்சு திரிஞ்சு ரத்தம் சேகரிச்சு, அத வேலூருக்கு கொண்டு போய் டெஸ்ட் பண்ணுனாங்க, ஆறு சாம்பிள் பாசிட்டிவ். ஒரு எம்டி தீசிஸ், அவ்ளோதான் ஆரம்பம்.

அதே வைரஸ்க்கு இருவது வருஷம் கழிச்சு 2006ல அமெரிக்கால அங்கீகாரம் கெடச்ச டாருனாவிர்ங்கற மருந்து, அது பொறந்தது யுஐசி கெமிஸ்ட்ரி லேப்ல, கண்டுபிடிச்சவர் கல்கத்தால படிச்ச அருண் கோஷ். எச்ஐவி தன்னோட புரோட்டீன வெட்டுறதுக்கு ஒரு கத்தரிக்கோல் மாதிரி ஒண்ணு வச்சிருக்கு, மருந்து போய் அந்த கத்தரி வாய்க்குள்ள அடைச்சுக்கும். வைரஸ் சும்மா இருக்குமா, கத்தரிய லேசா மாத்தி மருந்த வழுக்கி விட்ரும். கோஷ் என்ன செஞ்சார்னா, மாறுற பாகத்த விட்டுட்டு அதோட முதுகெலும்ப புடிக்கிற மாதிரி மூலக்கூற அமைச்சார், முதுகெலும்ப மாத்துனா கத்தரியே வேல செய்யாதுல்ல. எச்ஐவிக்கு மருந்து குடுக்குற நம்ம ஏஆர்டி சென்டர்லயும் மத்த மருந்து எடுபடாதவங்களுக்கு இது உண்டு.

பாத்தீங்களா, நோய கண்டுபிடிச்சதும் ஒரு பட்டணத்து சர்க்கார் காலேஜ், மருந்து வந்ததும் ஒரு பட்டணத்து சர்க்கார் யுனிவர்சிட்டி. வித்தியாசம் மூளையில இல்ல, எனக்கு தெரிஞ்சு அமைப்புல இருக்கு. நாம 1978ல இன்ஜினியரிங்க அண்ணா யுனிவர்சிட்டின்னு பிரிச்சோம், 1988ல மெடிக்கல எம்ஜிஆர் யுனிவர்சிட்டின்னு பிரிச்சோம், 1990ல நம்ம கன்னியாகுமரி ஜில்லா ஆர்ட்ஸ் காலேஜ் எல்லாம் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் கீழ போச்சு. நிர்வாகத்துக்கு அது சவுகரியம்தான். ஆனா ஆசாரிபள்ளத்து டாக்டரும் ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாரும் ஒரே கேன்டீன்ல டீ குடிக்க வழியில்லாம போச்சு. யுஐசில கம்ப்யூட்டர்காரங்களும் ஓவியம் படிச்சவங்களும் ஒரே லேப்ல உக்காந்து 1992லயே கேவ்னு ஒண்ணு செஞ்சாங்க, சுவர் தரை எல்லாம் படம் ஓடுற ஒரு சின்ன ரூம், கண்ணாடி போட்டுட்டு உள்ள நின்னா அந்த எடத்துக்குள்ளேயே நிக்குற மாதிரி இருக்கும். அது தனித்தனி யுனிவர்சிட்டியா இருந்திருந்தா நடந்திருக்குமா சொல்லுங்க.

பிரிக்காம வச்சா என்ன ஆகும்னு பாக்க அமெரிக்கா போக வேண்டாம், திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுங்க. அங்க ஸ்ரீசித்ரா மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துல டாக்டரும் இன்ஜினியரும் சேந்து செஞ்ச ஹார்ட் வால்வ 1990ல மொதல்ல ஒரு ஆளுக்கு வச்சாங்க. அந்த வால்வோட நடமாடுற ரெண்டு பேர் எங்க தெருவுலயே உண்டு.

மார்த்தாண்டத்துல இருந்து ஒரு அப்பா: பையனுக்கு நீட்ல மார்க் இல்ல. யுஐசில பிளஸ் டூ முடிச்ச உடனே எம்பிபிஎஸ் சேத்து விடுறேன்னு ஒரு ஏஜென்ட் சொல்றார்.

அட்வான்ஸ் குடுத்தாச்சா? குடுக்கலன்னா அந்த நம்பர பிளாக் பண்ணுங்க. அமெரிக்கால எம்பிபிஎஸ்ன்னே ஒரு படிப்பு கிடையாது. நாலு வருஷம் டிகிரி, பிறகு எம்கேட்ங்கற நுழைவுத் தேர்வு எழுதி நாலு வருஷம் மெடிக்கல் ஸ்கூல், அதுக்கு மேல ரெசிடென்சின்னு ஆஸ்பத்திரி பயிற்சி. யுஐசி மெடிக்கல் காலேஜ் அந்த நாட்டுலயே பெரிய காலேஜுகள்ல ஒண்ணுதான், சிகாகோ தவிர பியோரியா, ராக்ஃபோர்டுலயும் இருக்கு, ஆனா வெளிநாட்டு பிள்ளைங்களுக்கு அங்க மெடிக்கல் சீட் கெடைக்கிறது குதிரக் கொம்பு. எங்க சொந்தத்துலயே ஒருத்தங்க இப்படி ஒரு ஆளுகிட்ட மூணு லட்சம் குடுத்து, இன்னும் அவர் வீட்டு வாசல்ல போய் நிக்கிறாங்க.

நாகர்கோவில்ல இருந்து ரிட்டயர்டு தம்பதி: மகன் யுஐசில பிஎச்டி. விசிட்டிங் போறோம். அந்த பக்கம் என்ன பாக்கலாம்?

ஏர்போர்ட்ல இருந்து ப்ளூ லைன் ட்ரெயின் ஏறுனா நேரா யுஐசி ஹால்ஸ்டெட் ஸ்டேஷன்ல எறங்கிரலாம், டாக்ஸிக்கு காசு கொட்டாதீங்க. கேம்பஸ் முழுக்க வெறும் கான்கிரீட், பூசாத வீடு மாதிரி இருக்கும், அழகுன்னு சொல்லமாட்டேன். அதுக்கு நடுவுல செங்கல்ல ஒரு பழைய வீடு நிக்கும், அதுதான் ஹல் ஹவுஸ். 1889ல ஜேன் ஆடம்ஸும் எல்லன் ஸ்டாரும், வெளிநாட்டுல இருந்து பொழைக்க வந்த ஏழைங்களுக்காக திறந்த இடம், பாலர் பள்ளி, குளிக்கிற எடம், இங்கிலீஷ் கிளாஸ் எல்லாம் நடந்துச்சு. ஜேன் ஆடம்ஸுக்கு 1931ல அமைதிக்கான நோபல் கெடச்சுது.

ஆனா ஒண்ணு, அந்த கேம்பஸ் கட்டுறதுக்காக அங்க இருந்த இத்தாலிக்காரங்க, கிரேக்கக்காரங்க வீடு, கடை எல்லாத்தையும் 1960கள்ல இடிச்சாங்க. ஃப்ளோரன்ஸ் ஸ்கேலான்னு ஒரு அம்மா தலைமையில பொம்பளைங்க போராடுனாங்க, நிக்கல. ஹல் ஹவுஸ்ல 13 கட்டடம் இருந்துச்சு, மிச்சம் ரெண்டு. நம்ம ஊர்ல நாலு வழிச்சாலைக்கு வீடு குடுத்தவங்க அந்த மியூசியத்துக்குள்ள போனா கொஞ்ச நேரம் பேசாம நிப்பாங்க. நான் நின்னேன். ஏழைங்களுக்கு படிப்பு குடுக்க வந்த யுனிவர்சிட்டியே ஏழைங்க தெருவ காலி பண்ணுச்சு, இத மறைச்சு அந்த எடத்த புகழ எனக்கு மனசு வரல.

பிறகு மிச்சிகன் அவென்யூல ஆர்ட் இன்ஸ்டிடியூட் போங்க. நம்ம கடல்ல பாறைக்கு 1892 டிசம்பர்ல நீந்தி போன விவேகானந்தர் 1893 செப்டம்பர் 11 பேசுன கட்டடம் அதுதான்.

குலசேகரத்துல இருந்து ஒரு அக்கா: குளிர் மைனஸ் 30ன்னு சொல்றாங்களே, பிள்ள தாங்குவாளா?

2019 ஜனவரி 30 அன்னைக்கு நெசமாவே அந்த அளவு போச்சு, ஆனா அது அபூர்வம். பேச்சிப்பாறை குளிருக்கு வாங்குன ஸ்வெட்டர கொண்டு போகாதீங்க, கோட்டும் பூட்ஸும் அங்க போய் வாங்கணும். மரச்சீனி இந்தியன் கடைல ஃப்ரோசன்ல கெடைக்கும், மட்டிப்பழத்துக்கு வழியே இல்ல. தேங்கா எண்ணெய் குடுத்து விடுங்க, ஆனா அது அங்க கல்லு மாதிரி உறஞ்சு கெடக்கும், ஹீட்டர் பக்கத்துல அரைமணி நேரம் வச்சிட்டுதான் தலைல வைக்க முடியும்.