ஷேக்கர் இல்லாமல் காக்டெய்ல்

கேள்வி: ஷேக்கர், அளவுக் கோப்பை எதுவும் இல்லை. வீட்டில் காக்டெய்ல் கலக்க வழியுண்டா? (வாசகர், கோவை)

பதில்: தாராளமாக. நான் கலக்குவதே ஜாம் பாட்டிலில்தான். கியூபாவின் டைக்கிரி என்ற காக்டெய்லில் தொடங்குங்கள். வெள்ளை ரம் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 30, சர்க்கரைப் பாகு 20. பாகு என்றதும் கம்பிப் பதம் தேட வேண்டாம். சர்க்கரையும் வெந்நீரும் சம அளவு, கரைந்தால் போதும். அளக்க, கழுவிய இருமல் மருந்து மூடி இருக்கிறதே! எல்லாவற்றோடும் நிறைய ஐஸ் போட்டு, மூடியை இறுக்கி, கை சில்லிட்டு வலிக்கும்வரை குலுக்குங்கள். ஐஸ் உருகிச் சேரும் தண்ணீரும் ருசியில் ஒரு பங்குதான். அப்புறம் டீ வடிகட்டியில் வடித்துவிடலாம். நெக்ரோனி என்றொரு காக்டெய்ல், அதில் பழச்சாறு சேராது; அதற்குக் குலுக்கலே வேண்டாம், நீளக் கரண்டியால் கிளறினால் சரி. சோடாவை மட்டும் பாட்டிலுக்குள் ஊற்றிக் குலுக்கிவிடாதீர்கள். திறந்ததும் பாதி உங்கள் சட்டையில் இருக்கும்.