வில்லங்கம் சுத்தமாக இருந்தால் போதுமா?

கேள்வி: 40 சென்ட் புன்செய் நிலம் ஒன்றைப் பேசி முடித்திருக்கிறோம். பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது. 13 வருட வில்லங்கச் சான்றிலும் எதுவும் இல்லை. முன்பணம் கொடுக்கலாமா? (வாசகர், திருச்சி மாவட்டம்)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. அது மட்டும் சொத்துரிமை ஆகிவிடாது. 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க யு.டி.ஆர். கணக்கு எடுத்தபோது பல குடும்பங்களில் மூத்தவர் பெயர் மட்டும் ஏறி, தம்பி தங்கைகள் விட்டுப்போயிருக்கிறார்கள். ஆகவே, விற்பவருக்கு நிலம் எப்படி வந்தது என்று முதலில் கேளுங்கள். கிரயம் என்றால் அவர் வாங்கிய பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரங்கள் எல்லாம் வேண்டும். பூர்வீகம் என்றால் பாகப்பிரிவினைப் பத்திரம் வேண்டும். அது இல்லாவிட்டால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் வாங்கிப் பார்த்து, எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போடவேண்டும். “பெண்களுக்குக் கல்யாணத்தின்போதே செய்துவிட்டோம்” என்பார்கள். பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவான விடுதலைப் பத்திரம் இல்லாமல் அந்தப் பேச்சை நம்பாதீர்கள்.

வில்லங்கத்தை 30 வருடத்துக்காவது போடுங்கள். இணையத்தில் 1975 முதல் பார்க்கலாம். பலரும் தவறுவது சர்வே எண்ணில்தான். இன்று 112/3பி என்று இருக்கும் நிலம் பழைய பத்திரத்தில் 112/3 என்றே இருக்கும், யு.டி.ஆருக்கு முன் எண்ணே வேறாகவும் இருந்திருக்கலாம். புது எண்ணுக்கு மட்டும் மனுப்போட்டால், பழைய எண்ணில் பதிவான அடமானம் சான்றில் வராது. அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்ததா என்றும் விசாரியுங்கள்.

பதிவான ஆவணம் மட்டுமே வில்லங்கத்தில் தெரியும். பதியாத உயிலோ, பத்திரத்தை வெறுமனே ஒப்படைத்து வாங்கிய கடனோ அதில் வராது. அதனால் அசல் பத்திரத்தை நேரில் பாருங்கள், ஜெராக்ஸ் போதாது.

அளவையும் ஒத்துப் பாருங்கள். பத்திரம் சென்ட்டில் பேசும், பட்டா ஹெக்டேர்-ஏரில் பேசும். ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட். 40 சென்ட் என்றால் பட்டாவில் ஏறக்குறைய 0.16.20 (அதாவது 16.20 ஏர்) என்று இருக்கவேண்டும். 0.14.50 என்று இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 36 சென்ட்டுக்கும் குறைவு. புலப்படத்தை (நிலத்தின் சர்வே வரைபடம்) வைத்து சர்வேயரை அளக்கச் சொல்லி, நான்கு மாலும் (எல்லைகளும்) சரியாக இருக்கிறதா, வண்டிப் பாதை யார் நிலத்தில் போகிறது என்று பார்த்த பிறகு விலையை முடியுங்கள். முன்பணம் கொடுக்கும்போது கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள்; தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அது கட்டாயம்.

கேள்வி: அண்ணன் துபாயில் இருக்கிறார். அவர் பங்கையும் சேர்த்து நான் விற்க என்ன வேண்டும்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: அவர் உங்களுக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதித் தரவேண்டும். அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினால், பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். சர்வே எண், அளவு, விற்கவும் பணம் பெறவும் அதிகாரம் எல்லாம் அதில் தெளிவாக இருக்கட்டும். கிரயப் பதிவின்போது அண்ணன் உயிருடன் இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள். அது 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்கவேண்டும். முன்கூட்டியே வாங்கி வைத்தால் காலாவதியாகிவிடும். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாகப் பவரும் அதோடு போய்விடும் என்பதால்தான் இதைக் கேட்கிறார்கள்.

கேள்வி: அசல் பத்திரம் தொலைந்துவிட்டது என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: போலீஸில் புகார் கொடுத்துக் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற சான்று, நாளிதழ் அறிவிப்பு, சார்பதிவாளர் தரும் சான்றிட்ட நகல் ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். அறிவிப்பை விற்பவர் கொடுத்ததோடு விடாமல் உங்கள் வழக்கறிஞர் மூலம் நீங்களும் ஒன்று கொடுங்கள். அந்தப் பத்திரம் யாரிடமாவது கடனுக்கு ஈடாக இருந்தால் அப்போதுதான் ஆட்சேபனை வந்து சேரும். 15 நாளாவது பார்த்துவிட்டு மேலே பேசுங்கள்.