நாற்று நட்டால் காடு திரும்புமா?

கேள்வி: வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாக நிற்கும் மழைக்காடுகள், வெட்டுப்பட்ட பின் தானாகத் தேறுமா?

பதில்: விதை வந்து சேர்ந்தால்தான் தேறும். கருங்குங்கிலியம் போன்ற மரங்களின் பெரிய விதைகளை இருவாச்சிப் பறவைகள் சுமந்து வருகின்றன. திட்டுகள் விலக விலக அந்த வரத்து குறையும். உண்ணிச்செடி என்னும் அயல்நாட்டுப் புதர் மண்டினால் வந்த விதையும் எழும்பாது. அந்தப் புதரை மேலே மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுங்கள். அடியில் முளைத்திருக்கும் காட்டு நாற்றுகளை மிதித்துவிடாதீர்கள், அவைதான் முதல் சொத்து. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அந்தந்த இடத்து மரங்களைக் கலந்து நடுங்கள். தேயிலைத் தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக் மட்டும் நட்டால் நிழல் கிடைக்கும், காடு கிடைக்காது. அடுத்த 2, 3 ஆண்டுகள் களையெடுக்காவிட்டால் நட்டது வீண்.

இந்தத் திட்டுகளில் வாழும் சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) கிளைவழியே நடமாடுவது. சாலையில் கிளைத்தொடர் அறுந்தால் தரையிறங்கி வண்டியில் அடிபடுகிறது. மரத்துக்கு மரம் கட்டும் பாலம் உதவும். சாலையோரக் கிளைகளை வெட்டாமல் விடுவது அதைவிட மேல்.