காலநிலைச் சட்டம் படிக்க ஆசைப்படும் மகள்: கரூர் அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா,

பயோ-மேத்ஸ் குரூப்பில் நன்றாகப் படிக்கும் பெண் திடீரென்று "காலநிலை மாற்றம் படிக்கிறேன், அது சம்பந்தமான சட்டம் படிக்கிறேன்" என்கிறாள், இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். காலநிலை என்ற பெயரில் பட்டப்படிப்பு நடத்தும் ஒரு கல்லூரியின் விளம்பரத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். அந்த விளம்பரத்தை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் மகளிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் காலநிலை மாற்றத்துக்கென்று தனியாக ஒரு சட்டம் கிடையாது. பிரிட்டனில் 2008-லேயே அப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது; அரசுக்கு ஆலோசனை சொல்ல அந்தச் சட்டத்தின்கீழ் ஒரு குழுவும் இருக்கிறது. இங்கே அதே 2008-ல் வந்தது எட்டு இயக்கங்கள் அடங்கிய தேசியச் செயல்திட்டம். சூரிய சக்தி, எரிசக்தித் திறன், நீர், வேளாண்மை, இமயமலைச் சூழல் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு அமைச்சகத்திடம் போனது. உலக மாநாடுகளில் பேச்சு நடத்துவது சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகம். ஆலைகளின் எரிசக்திக் கணக்கைப் பார்ப்பது மின்துறையின்கீழ் இருக்கும் எரிசக்தித் திறன் பணியகம். வானிலை ஆய்வு மையம் இருப்பது புவி அறிவியல் அமைச்சகத்தில். வெள்ளம் வந்தால் ஓடுவது 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியரும் வருவாய்த் துறையும்.

இதனால் "காலநிலை அதிகாரி" என்று வேலைவாய்ப்பு விளம்பரம் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வேலை இருக்கிறது, வேறு வேறு பெயரில் இருக்கிறது. நான் பெற்றோரிடம் வழக்கமாகச் சொல்வது இதுதான்: படிப்பின் பெயரைப் பார்க்காதீர்கள், எந்தச் சட்டம் யாரை வேலைக்கு வைத்தே ஆக வேண்டும் என்று சொல்கிறது என்று பாருங்கள். சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில் சம்பளமும் இருக்கும்.

உங்கள் ஊர்ப்பக்கமே ஒரு உதாரணம் இருக்கிறது. புகழூர் காகித ஆலையைத் தாண்டித்தானே போய்வருகிறீர்கள்? காகிதம், சிமென்ட், உருக்கு, அலுமினியம் போல எரிசக்தியை அதிகம் விழுங்கும் தொழில்கள் 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் எரிசக்தி செலவழிக்கும் ஆலை, தகுதித் தேர்வில் தேறிய எரிசக்தி மேலாளர் ஒருவரை வைத்திருக்க வேண்டும்; அங்கீகாரம் பெற்ற தணிக்கையாளரை வைத்துத் தணிக்கையும் செய்ய வேண்டும். 2012-லிருந்து ஒரு டன் சரக்குக்கு இவ்வளவு எரிசக்தி என்று இலக்கு வைத்தார்கள். இலக்கைவிட மிச்சம் பிடித்தவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும், அதை விற்கலாம். இலக்கைத் தொடாதவர்கள் அந்தச் சான்றிதழை விலைக்கு வாங்கி ஈடுகட்ட வேண்டும். 2022-ல் சட்டத்தைத் திருத்தி, 2023-ல் கார்பன் கிரெடிட் வணிகத் திட்டத்தை, அதாவது குறைத்த கரியமில வாயுவைக் கணக்குப் போட்டு விற்று வாங்கும் திட்டத்தை அறிவித்தார்கள். இப்போது இலக்கு கரியமில வாயுக் கணக்காக மாறிவருகிறது. இந்தக் கணக்கைப் போட, சரிபார்க்க, தகராறு வந்தால் வாதாட ஆள் வேண்டும். போடுவதும் சரிபார்ப்பதும் பெரும்பாலும் எஞ்சினீயர்கள்: கெமிக்கல், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல். எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வை எழுத பட்டத்தோடு சில வருட வேலை அனுபவமும் கேட்பார்கள், அதனால் படித்து முடித்த கையோடு உட்கார முடியாது.

இன்னொரு கட்டாயம் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிடமிருந்து வந்தது. பங்குச் சந்தையில் முதல் 1000 இடங்களில் இருக்கும் நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை தர வேண்டும். இதற்கு பி.காம்., சி.ஏ. படித்தவர்களைக்கூட எடுக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் இறக்குமதியாகும் இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றுக்கு எல்லையில் கார்பன் கட்டணம் கொண்டுவந்திருக்கிறது. கரூரின் போர்வையும் திரைச்சீலையும் அந்தப் பட்டியலில் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனாலும் வெளிநாட்டு பையர்கள் இப்போதெல்லாம் கார்பன் கணக்கு கேட்கிறார்கள் என்பதை எக்ஸ்போர்ட் வைத்திருக்கும் உங்கள் சொந்தக்காரர்கள் யாரிடமாவது விசாரித்தாலே தெரியும்.

சரி, மகளுக்குப் பிடித்த சட்டத்துக்கு வருவோம்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2010-ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, புதுச்சேரி வழக்குகள் அங்கேதான் வரும். நீதித்துறை உறுப்பினரும் அறிவியல் தெரிந்த நிபுணர் உறுப்பினரும் சேர்ந்து உட்காரும் இடம் அது. மகள் போன்றவர்களுக்கு நல்ல களம். ஆனால் அந்தத் தீர்ப்பாயம் எந்தெந்தச் சட்டங்களின்கீழ் வழக்கு எடுக்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: நீர் மாசு, காற்று மாசு, வனப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, பல்லுயிர் என்று போகும். நான் மேலே சொன்ன எரிசக்திச் சேமிப்புச் சட்டம் அதில் இல்லை. 2017-ல் உத்தராகண்டைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி, காலநிலை மாற்றத்துக்கு அரசு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று அங்கே மனுப் போட்டாள். தொழில்களுக்கு அனுமதி தரும்போதே சட்டப்படி இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று சொல்லி 2019-ல் மனுவை முடித்துவிட்டார்கள்.

அப்புறம் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. ராஜஸ்தான், குஜராத் பக்கம் கானமயில் என்ற அழிந்துவரும் பறவை மின்கம்பிகளில் மோதிச் சாகிறது, கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோக வேண்டும் என்பது வழக்கு. அதே நிலத்தில்தான் நாட்டின் பெரிய சூரிய மின்நிலையங்கள் வருகின்றன. பறவையைக் காப்பதா, நிலக்கரியைக் குறைக்கும் மின்சாரத்தைக் காப்பதா? அந்த வழக்கில்தான் காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை அரசியல் சாசனத்தின் 14, 21 பிரிவுகளுக்குள் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. மகளை இந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். மின்கம்பியின் வோல்டேஜ், தரைக்கடியில் கேபிள் போடுவதன் தொழில்நுட்பச் சிக்கல் எல்லாம் பக்கம் பக்கமாக வரும். அது சலிப்பாக இருந்தால் இந்தத் துறை அவளுக்கு ஒத்துவராது. சுவாரசியமாக இருந்தால் தைரியமாகச் சட்டத்தில் விடுங்கள். பயோ-மேத்ஸ் படித்தது வீண் போகாது.

சட்டம் என்றால் இரண்டு வழி. கிளாட் என்ற நுழைவுத் தேர்வை எழுதி திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலோ வேறு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலோ சேரலாம். அல்லது அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின்கீழ் ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து ஐந்து வருடப் படிப்பில் சேரலாம். அரசுச் சட்டக் கல்லூரியில் செலவு குறைவு. வக்கீல் தொழிலில் முதல் சில வருடங்கள் வருமானம் மெலிந்துதான் இருக்கும், அதைக் குடும்பம் தாங்குமா என்று இப்போதே பேசிவிடுங்கள்.

இப்போது அந்த விளம்பரம். பதினெட்டு வயதில் "காலநிலை" என்று பெயர் போட்ட பட்டத்தை வாங்கினால் பல கதவுகள் அடைபடும் என்பது என் கருத்து. இந்திய வனப்பணித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், பாறை-கனிமம் பற்றிய ஜியாலஜி, கால்நடை மருத்துவம் இவற்றில் ஒரு பாடமாவது பட்டப்படிப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேளாண்மை, வனவியல், எஞ்சினீயரிங் பட்டம் வேண்டும். பி.ஏ., எல்.எல்.பி. படித்தால் ஐ.ஏ.எஸ். எழுதலாம், வனப்பணி எழுத முடியாது. விளம்பரம் கொடுத்த கல்லூரியிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். முதலில் ஒரு உறுதியான அடிப்படைப் பட்டம், மேற்படிப்பில் காலநிலை என்று போவது பாதுகாப்பு. அண்ணா பல்கலைக்கழகத்தில் காலநிலை மாற்றத்துக்கும் பேரிடர் மேலாண்மைக்கும் ஒரு மையம் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியையும் பார்க்கலாம்.

மாநில அரசிலும் நிலைமை மாறியிருக்கிறது. சுற்றுச்சூழல் துறையின் பெயரிலேயே காலநிலை மாற்றம் சேர்ந்துவிட்டது, பசுமைக் காலநிலை நிறுவனம் என்று ஒன்றை அரசு தொடங்கியிருக்கிறது. மாவட்டந்தோறும் காலநிலை இயக்கத்துக்கு ஆட்சியர் தலைவர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். ஆக, குரூப் 1 எழுதித் துணை ஆட்சியராகப் போகிற ஒரு பெண், பெயருக்குக்கூட காலநிலை படிக்காமல், காலநிலை வேலையைத்தான் செய்துகொண்டிருப்பாள். முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் (ஃபெலோஷிப்) திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒருவரை எடுத்தார்கள். அது குறிப்பிட்ட காலத்துக்கான பணி, நிரந்தர வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

தேர்வு முடியும்வரை மகளிடம் இதைப் பற்றி விவாதிக்க வேண்டாம். முடிந்த பிறகு ஒரு வேலை கொடுங்கள். பெரிய ஆலையோ சுரங்கமோ வருவதற்கு முன் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முப்பது நாள் முன்பே அறிவிப்புக் கொடுக்கும், திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்கும். உங்கள் மாவட்டத்திலோ பக்கத்து மாவட்டத்திலோ அடுத்து நடக்கும் கூட்டத்துக்கு அவளை அழைத்துப் போங்கள். போகும்முன் அந்தத் தமிழ்ச் சுருக்கத்தைப் படித்து, அவளுக்குத் தோன்றும் கேள்விகளை எழுதி வைக்கட்டும். அந்தக் கேள்வித்தாளை எனக்கு அனுப்புங்கள். அவள் கேட்பது தண்ணீர்க் கணக்கா, ஆலைத் தொழில்நுட்பமா, மக்களின் உரிமையா என்று பார்த்துவிட்டு, எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.