பந்தய கேம் போட்ட பழைய எஸ்டீம்: வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. பொள்ளாச்சியில் 2004 மாடல் மாருதி எஸ்டீம் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஓடியது 1,20,000 கிலோமீட்டர். வைத்திருப்பவர் செட்டிபாளையம் பந்தய டிராக்கில் ஓட்டுவதற்காக பெர்ஃபாமன்ஸ் கேம் ஷாஃப்ட் போட்டிருக்கிறார். "கம்பெனி இன்ஜினை விட இதுதானுங்க நல்லா இருக்குது" என்கிறார். ஆனால் நின்ற இடத்தில் வண்டி தடதடவென்று அதிர்கிறது. எனக்கு தினமும் உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் போய்வர வேண்டும், எப்போதாவது குடும்பத்தோடு வால்பாறை ஏற வேண்டும். இந்த கேமால் இன்ஜின் ஆயுள் குறையுமா?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: குறையும் தம்பி. எவ்வளவு குறையும் என்பது, கேமைப் போட்டவர் கூடவே வேறு என்னென்ன வேலை செய்தார் என்பதைப் பொறுத்தது. கைமாறி வரும் வண்டியில் அதை வாய்வார்த்தையாக நம்ப முடியாது. வால்வு கவரைக் கழற்றிப் பார்த்தால்தான் உண்டு.

கேம் ஷாஃப்ட் என்பது இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் தண்டு. அதில் முட்டை வடிவில் புடைத்திருக்கும் பகுதிதான் லோப். பெர்ஃபாமன்ஸ் கேமின் லோப் வால்வை அதிக உயரம் தூக்கும், அதிக நேரம் திறந்து வைக்கும். கலவை உள்ளே வரும் இன்டேக் வால்வும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரமும் கூடும். இன்ஜின் உச்ச வேகத்தில் சுற்றும்போது அது லாபம். ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, நஷ்டம்: எரிந்த புகை இன்டேக் பக்கம் திரும்பி வரும், அதனால் புதுக் கலவை சில சமயம் சரியாக எரியாமலே சைலன்சருக்குப் போய்விடும். நீங்கள் கேட்ட தடதடப்பு அதுதான். அதை மறைக்க ஐடிலை 1,200 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றி வைப்பார்கள். புகைச் சான்று எடுக்கப் போனால் மெஷினில் தெரிந்துவிடும்.

ஆயுள் விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. புகை திரும்பி வருவதால் இன்டேக் குழாயில் இருக்கும் உறிஞ்சு விசை, அதாவது வேக்யூம், குறையும். அது குறைந்ததும் இன்ஜினுக்கு லோடு ஏறிவிட்டது என்று கம்ப்யூட்டர் தப்பாக நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டும். கம்ப்யூட்டரில் இருக்கும் பெட்ரோல் கணக்கை, அதாவது மேப்பிங்கை, மாற்றாத வண்டியில் அந்த உபரி பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவி இறக்கும். பிஸ்டன் ரிங் தேயும், ஆயில் நீர்க்கும். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நெடி அடித்தால் அந்த இன்ஜின் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது வால்வை மூடும் ஸ்பிரிங். 6,000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. பெரிய லோபுக்குப் பழைய ஸ்பிரிங் ஈடுகொடுக்காது. வால்வு நேரத்துக்கு மூடாமல் மிதக்கும், பிஸ்டனைத் தொட்டால் கதை முடிந்தது. அதனால் கட்டியான ஸ்பிரிங் போடுகிறார்கள். அது சரியான வேலைதான், ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. உச்ச வேகத்தில் வால்வின் சொந்த வேகமே ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஐடிலில் அந்த உதவி கிடையாது, முழு அழுத்தமும் லோபின் மூக்கில், அதாவது உச்சி முனையில், விழும். ஆயில் பிரஷர் மிகக் குறைவாக இருப்பதும் அப்போதுதான். டிராக்கில் பறந்த நேரத்தை விட அவிநாசி ரோட்டு நெரிசலில் நின்ற நேரம்தான் அந்த லோபை அதிகம் தின்றிருக்கும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. நான் கழற்றிய கேம்களில் தேய்மானம் மூக்கில்தான் இருந்திருக்கிறது.

கீழே இருக்கும் உறுப்புகளுக்கும் பங்குண்டு. இந்த கேமில் இழுவை அதிக ஆர்.பி.எம்.முக்குப் போய்விடுவதால் கால் தானாகவே ஆக்ஸிலேட்டரை மிதிக்கும். 6,000க்குப் பதில் 7,000 சுற்றினால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்கும் விசை 36 சதவீதம் கூடுகிறது, ஏனென்றால் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். கம்பெனி ராடு போல்ட்டும் பேரிங்கும் அதற்காகச் செய்தவை இல்லை.

பந்தய வீரர் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து பந்தயக் கார் கட்டிய ஊர் நம் கோவை. இங்கே கேம் வேலை அருமையாகத் தெரிந்த கைகள் இருக்கின்றன. ஆனால் பந்தய இன்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்த்துக் கட்டுவார்கள். வீட்டுக் காருக்கு அதை யார் செய்வார்கள்?

வாங்குமுன் கவரைத் திறந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு லோபையும் நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் சிக்கினால் கோடு விழுந்திருக்கிறது. பிறகு மைக்ரோமீட்டர். இன்டேக் லோப் எல்லாம் ஒரே உயரம் இருக்க வேண்டும், எக்ஸாஸ்ட் லோப் எல்லாம் தங்களுக்குள் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால் அது தேய்ந்துவிட்டது. லோபின் அடிவட்டம் ஸ்டாண்டர்டை விடச் சிறுத்திருந்தால் அது புது கேம் இல்லை, பழையதையே சாணை பிடித்தது. அப்படிப் பிடிக்கும்போது மேலே உள்ள கடினப் படலம் போய்விட்டால், மிச்ச லோப் சீக்கிரம் கரையும். கரைந்த இரும்பு ஆயிலோடுதான் போகும். ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்பை விரித்து, காந்தம் வைத்துப் பாருங்கள்.

சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்டில் ஏமாந்துவிடாதீர்கள். இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால் நல்ல இன்ஜினும் குறைவாகவே காட்டும். நான்கு சிலிண்டரும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள், கூடவே காற்றை ஏற்றிக் கசிவைப் பார்க்கும் லீக் டவுன் டெஸ்டும் செய்யச் சொல்லுங்கள். சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டின் அடிப்பகுதியை இழைத்திருக்கிறாரா என்று தவறாமல் கேளுங்கள். இழைத்திருந்தால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி இன்னும் குறைந்திருக்கும். பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, ஹெட்டை மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றி, களிமண்ணை வெட்டி அளப்பதுதான் முறை. இன்டேக்கில் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டில் இரண்டரை இருந்தால் நிம்மதி. கேம் போட்டவர் அளந்திருந்தால் எண்ணைச் சொல்வார்.

வால்பாறைக்கு இந்த கேம் ஆகவே ஆகாது. 40 கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாவது கியரில் 2,000 ஆர்.பி.எம்.மில் இழுவை வேண்டும், இது எடுத்துக்கொண்டது அதைத்தான். பாதி கிளட்ச்சில் ஏற்றி கிளட்ச்சையும் கெடுப்பீர்கள். இறங்கும்போது நியூட்ரலில் விடவே கூடாது. பிரேக்குக்கு உதவுவது இன்ஜின் வேக்யூம்தான்; ஐடிலில் அது குறைவாக இருப்பதால் பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

அந்த 1.3 லிட்டர், 16 வால்வு இன்ஜின் கம்பெனியில் வந்தபடியே 85 குதிரைத்திறன் தரும். எடை குறைந்த அந்த உடம்புக்கு அதுவே தாராளம். எனவே, பழைய கேமும், லோபுக்கும் வால்வுக்கும் நடுவில் அதோடு ஓடிய ராக்கர் கைகளும் பத்திரமாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் ராக்கர்களை அதனதன் இடத்திலேயே மாட்ட வேண்டும், கலந்துவிடக் கூடாது. ஸ்பிரிங்கும் ஸ்டாண்டர்டு, மேப்பிங்கை மாற்றியிருந்தால் அதுவும் ஸ்டாண்டர்டு, டைமிங் பெல்ட் புதுசு. இந்தச் செலவை விலையில் கழித்துக்கொடுத்தால் வாங்குங்கள். கவரைக் கழற்ற விடமாட்டேன் என்றால் வேறு வண்டி பாருங்கள்.

கேள்வி: என் காரிலும் இப்படி ஒரு கேம் இருக்கிறது. ஜிங்க் அதிகம் உள்ள ஆயில் ஊற்றினால் போதுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: லோபும் ராக்கரும் உரசும் இடத்தில் ஜிங்க் சேர்ந்த ஆயில் ஒரு காப்புப் படலம் போடும், அது உண்மை. கூடவே வரும் பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மெல்லக் கெடுக்கும். கோடு விழுந்த லோபை எந்த ஆயிலும் காப்பாற்றாது. ஊற்றுவதற்கு முன் மேலே சொன்ன நகச் சோதனையைச் செய்யுங்கள், ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள்.