மொட்டை மாடி வியூவை மறைச்சு ஸ்க்ரீன் வச்சா கேஸ் போட முடியுமா?

கேள்வி: இல்லினாய்ஸ்ல ஒரு சின்ன ஊர்ல பேஸ்பால் ஸ்டேடியத்துக்கு எதிர்ல ஒரு கட்டிடத்த லீசுக்கு எடுத்து ரெஸ்டாரண்ட் நடத்துறேன். மேட்ச் அன்னைக்கு மொட்டை மாடில சீட் போட்டு டிக்கெட் விக்கறோம், கிளப்புக்கும் அதுல பங்கு போகுது. இப்ப ஸ்டேடியத்த புதுப்பிக்கிறோம்னு சொல்லி எங்க மாடிக்கு நேரா பெரிய வீடியோ ஸ்க்ரீன் வைக்கப் போறாங்க, ரோட்டையும் ஒரு சீசன் முழுக்க அடைப்பாங்களாம். இது அநியாயமான ஏகபோகம் இல்லையா? ஸ்டே வாங்க முடியுமா?

பதில்: அநியாயம்னு நீங்க சொல்றது புரியுது, ஆனா கோர்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி கிளப்போட போட்ட அக்ரிமெண்ட எடுத்து ஒரு வரி விடாம படிங்க, ஏன்னா இதே பிரச்சனைல சிகாகோல கப்ஸ் பேஸ்பால் டீமோட ஸ்டேடியமான ரிக்லி ஃபீல்ட் எதிர்ல இருந்த மாடிக்காரங்க தோத்தது ஒரே ஒரு வாக்கியத்தாலதான்.

2002ல கப்ஸ் டீம் அவங்க மேல கேஸ் போட்டுச்சு, 2004ல சமாதானமாகி 2023 வரைக்கும் வருமானத்துல 17 சதவீதம் கப்ஸுக்கு கொடுக்கறதுன்னு ஒப்பந்தம் போட்டாங்க. அதுல 6.6ன்னு ஒரு ஷரத்து. வியூவை மறைக்கற மாதிரி தடுப்பு எதுவும் கப்ஸ் வைக்கக்கூடாதுன்னு ஆரம்பிக்குது, படிக்கவே நிம்மதியா இருக்கும். கொஞ்சம் தள்ளி அதே ஷரத்துல, அரசு அமைப்புகள் அனுமதி கொடுத்த எந்த விரிவாக்கமும் ஒப்பந்த மீறல் ஆகாதுன்னு இருக்கு. அப்புறம் கப்ஸுக்கு முதலாளியா வந்த ரிக்கெட்ஸ் குடும்பம் ஸ்டேடியத்த புதுப்பிக்க ஆரம்பிச்சு, 2014ல நகர அனுமதியும் வாங்கி வீடியோ போர்டு வச்சாங்க. விரிவாக்கம்னா சீட் கூட்டறதுதான், ஸ்க்ரீன் வைக்கறது இல்லன்னு ரெண்டு மாடிக்காரங்க 2015ல ஃபெடரல் கோர்ட்டுல வாதாடினாங்க. "எந்த விரிவாக்கமும்"னு எழுதினா ஸ்க்ரீனும் அதுல அடங்கும்னு சொல்லி கேஸ் தள்ளுபடி, 2017ல அப்பீல்லயும் அதே தீர்ப்பு. பத்து வருஷத்துக்கு மேல பங்கு கொடுத்தவங்கள நினைச்சா எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா கையெழுத்து அவங்களோடது.

ஏகபோகம்னு அதே கேஸ்ல அவங்களும் வாதாடினாங்க, எடுபடல. 1922லயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு பேஸ்பாலுக்கு ஏகபோக தடைச் சட்டத்துல இருந்து விலக்கு கொடுத்தாச்சு, அது இன்னைக்கும் நிக்குது. அந்தப் பக்கம் காச கரைக்காதீங்க.

அக்ரிமெண்ட் இல்லாம வெறும் வியூ மட்டும் உங்க உரிமைன்னு வாதாடவும் இடம் இல்ல. சிகாகோல சியர்ஸ் டவர்ங்கற உயரமான கட்டிடத்த கட்டினப்ப டிவி சிக்னல் கெட்டுப்போகும்னு போட்ட கேஸையே 1972ல இல்லினாய்ஸ் சுப்ரீம் கோர்ட்டு ஏத்துக்கல, பக்கத்து இடத்துக்காரர் சட்டப்படி கட்டறத அதுக்காக தடுக்க முடியாதுன்னுட்டாங்க.

ஆனா ரோடு அடைக்கறது வேற விஷயம், நீங்க இத ரெண்டாம்பட்சமா எழுதியிருக்கீங்க, எனக்கு இதுதான் முக்கியமா படுது. உங்க வாசலுக்கு ஆள் வந்து போற வழி சொத்துரிமையோட சேர்ந்தது. இல்லினாய்ஸ் அரசியலமைப்புல பொது உபயோகத்துக்காக சொத்த எடுத்தா மட்டும் இல்ல, சேதப்படுத்தினாலும் நஷ்டஈடு உண்டு. வேலை நடக்கறப்ப கொஞ்ச நாள் அசௌகரியம்னா கிடைக்கறது கஷ்டம், வழியே இல்லாம போனா பேசலாம். அடைக்கறது நகராட்சியா கிளப்பாங்கறத எழுத்துல கேட்டு வாங்குங்க, வாசல தேதி தெரியற மாதிரி போட்டோ எடுங்க, போன வருஷ வியாபார கணக்கையும் எடுத்து வைங்க. லீஸ் பத்திரத்துல வழி அடைஞ்சா வாடகை குறைக்கற ஷரத்து இருக்கான்னும் பாருங்க.

அனுமதி இன்னும் கொடுக்கலைன்னா ஹியரிங்குக்கு நேர்ல போய் உங்க எதிர்ப்ப பதிவு பண்ணுங்க. ஸ்க்ரீன பத்தடி நகர்த்தினா உங்க பக்க சீட் பிழைக்குமான்னு ஒரு ஆர்க்கிடெக்ட வச்சு படம் போட்டு காட்டுங்க, கவுன்சில்காரங்களுக்கு அது உடனே புரியும். அனுமதி கொடுத்துட்டாங்கன்னா நேரம் ரொம்ப கம்மி, நிர்வாக அமைப்போட முடிவ கோர்ட்டுல எதிர்க்க இங்க பொதுவா 35 நாள்தான், நகர கவுன்சில் முடிவுக்கு கணக்கு வேற.

கிளப்போட பேச இதுதான் நேரம். ஸ்க்ரீன் ஏறினப்புறம் உங்க மாடிக்கு மதிப்பு இருக்காது, ரிக்லி பக்கம் பல கட்டிடங்கள கடைசில ரிக்கெட்ஸ் குடும்பமே வாங்கிடுச்சு. மிச்ச லீஸ் காலத்துக்கு பங்கு குறைக்கணும், மறைச்சா இவ்வளவு தரணும்னு எழுத்துல கேளுங்க. வாய்ல சொல்றத நம்பாதீங்க, அக்ரிமெண்ட் காப்பியோட இந்த வாரமே ஒரு உள்ளூர் வக்கீல பாருங்க.